ஆடாத நடனம்: நடிகை ஹூ தியே மீது விழுந்த பழி குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த ஆய்வு

ஹூ தியே 1930களில் ஷாங்காய் சினிமாவின் உச்ச நட்சத்திரமாக இருந்தவர். நாற்பது ஆண்டுகளில் நூறு படங்களுக்குமேல் நடித்துவிட்டு 1966 வாக்கில் ஓய்வு பெற்றார். 1989இல் கனடாவின் வான்கூவரில் காலமானார். அவரைப் பற்றிச் சீனாவில் யாரிடம் கேட்டாலும் படங்களுக்கு முன்னால் ஒரு நடனம்தான் நினைவுக்கு வரும். 1931இல் ஜப்பானியரின் தாக்குதலில் ஷென்யாங் நகரம் பறிபோன இரவில் ராணுவத் தளபதியோடு அவர் நடனம் ஆடிக்கொண்டிருந்தார் என்பது கதை. அந்த நடனம் நடக்கவே இல்லை. அந்தத் தளபதியை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

நடக்காத ஒன்று எப்படி நடந்ததாக நிலைபெற்றது, அவர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார், அதனால் என்ன ஆனது என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே இங்கே நோக்கம். திரைக்கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும், வதந்தியில் சிக்கிய ஒருவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன். வரலாற்றில் நன்கு பதிவான சிலருடைய பெயர்கள் மட்டுமே வருகின்றன. கணவர், குடும்பத்தார், உடன் வேலை செய்தவர்கள், அந்தப் பழியைப் பரப்பிய பாட்டை எழுதியவர் ஆகியோர் பெயர் சொல்லாமலேயே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

1908இல் ஷாங்காயில் பிறந்தவர். பூர்வீகம் தெற்கே குவாங்டோங். அப்பாவுக்கு பீகிங்கையும் (இன்றைய பெய்ஜிங்) ஃபெங்தியனையும் இணைத்த ரயில் பாதையில் மேற்பார்வை அதிகாரி வேலை. அதனால் குடும்பம் ஓரிடத்தில் தங்கவில்லை. சிறுமிக்குப் பாதை நெடுக ஊர்களும் பேச்சு வழக்குகளும் பழகின. வடக்கத்திய மாண்டரின் சுத்தமாக வந்தது. வீட்டில் காண்டனீஸ். ஷாங்காய்ப் பேச்சும் தெரியும். ஃபெங்தியன் என்பது ஷென்யாங் நகரத்தின் பழைய பெயர். பின்னாளில் எந்த நகரம் விழுந்ததற்கு இவர்மேல் பழி போட்டார்களோ, அந்த நகரத்துக்குப் போகும் ரயிலோடுதான் இவருடைய சிறுவயது ஓடியது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது.

1924இல் ஷாங்காயில் திரைப்பட நடிப்புக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். பதினாறு வயதில் அதில் சேர்ந்தார். அப்போது வைத்துக்கொண்ட பெயர்தான் ஹூ தியே. ஹூ என்பது குடும்பப் பெயர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சீனக் காதில் 'வண்ணத்துப்பூச்சி' என்றே விழும். யாருக்கும் மறக்காத பெயர். ஒரு நடிகைக்கு அது வரம். வதந்திக்கும் அது வசதியாகப் போனது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

1925இல் சின்ன வேடங்களில் தொடங்கி, 1928இல் மிங்ஷிங் நிறுவனத்துக்கு வந்தார். அப்போது சீனாவின் பெரிய படக் கம்பெனிகளில் அது ஒன்று. வந்த வேகத்தில் வாள்வீச்சுத் தொடர்ப்படம் ஒன்றில் பறந்து பறந்து சண்டை போடும் பெண்ணாக நடித்தார். 1928க்கும் 1931க்கும் இடையில் அந்தத் தொடர் பதினெட்டுப் பாகங்கள் ஓடியது.

அவருடைய தனிச் சொத்து முகம் இல்லை, குரல்தான் என்பேன். 1931 மார்ச்சில் சீனாவின் முதல் பேசும்படம் வெளியானது. கதாநாயகி ஹூ தியே. கணவனால் கொடுமைப்படுத்தப்படும் பாடகியின் கதை. ஒலி தனியே இசைத்தட்டில் இருக்கும். படத்தை ஓட்டும்போது தட்டையும் சேர்த்துச் சுழலவிட வேண்டும். ஊசி கொஞ்சம் தாண்டினாலும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அந்தத் தடுமாற்றக் காலத்தில், மாண்டரின் சரியாக வராத எத்தனையோ தெற்கத்திய நடிகைகள் கலங்கிப் போனார்கள். இவருக்கு அந்தப் பயமே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை கற்றுக்கொடுத்த பேச்சு பேசும்படக் காலத்தில் கைகொடுத்தது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நடிகரோடு நிச்சயமாகியிருந்த திருமணத்தை முறித்துக்கொள்ள அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வழக்கு பல மாதங்கள் இழுத்தது. ஷாங்காயில் சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையை எழுதியே பிழைத்த சின்னத் தாள்கள் நிறைய. ஒவ்வொரு வாய்தாவும் அவற்றுக்குத் தீனி. கடைசியில் நிச்சயம் ரத்தானது. ஆனால் நீதிமன்றப் படியேறுகிற ஒரு நடிகையை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை அவர் இருபத்து மூன்று வயதுக்குள் முழுதாகத் தெரிந்துகொண்டிருந்தார். அடுத்து வரும் முடிவுகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1931 செப்டம்பர்: நடந்தது என்ன

செப்டம்பர் 18ஆம் தேதி இரவு, ஷென்யாங் அருகே ரயில் பாதையில் ஒரு வெடிப்பு. ஜப்பானிய குவாண்டுங் படையினரே வைத்த வெடி அது. சீனர்கள் வைத்ததாகச் சொல்லி அன்றிரவே தாக்குதலைத் தொடங்கினார்கள். விடிந்தபோது ஷென்யாங் அவர்கள் கையில். சில மாதங்களில் சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியா முழுவதும் போனது.

வடகிழக்குப் படையின் தளபதி ஜாங் ஷுவேலியாங். வயது முப்பது. அன்று அவர் ஷென்யாங்கில் இல்லை, பெய்பிங்கில் இருந்தார். பீகிங்குக்கு அப்போது அதுதான் பெயர். உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தவர், அன்று மாலை புகழ்பெற்ற மேடைக் கலைஞர் மெய் லான்ஃபாங் நடித்த ஓபரா பார்க்கப் போயிருந்தார். அரங்கில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. படைக்குக் கிடைத்த உத்தரவு, எதிர்த்துச் சுடாதே என்பது.

அதே செப்டம்பரில் மிங்ஷிங் குழு வெளிப்புறக் காட்சிகள் எடுக்க ஷாங்காயிலிருந்து வடக்கே கிளம்பியது. பெரிய குழு, ஒரே பயணத்தில் மூன்று படங்களுக்கான வேலை. குழுவில் ஹூ தியேயும் இருந்தார். அவர்கள் தியான்ஜினை எட்டியபோதே ஷென்யாங் விழுந்துவிட்டது. வடக்கிலிருந்து பின்வாங்கி வந்த சிப்பாய்களை வழியிலேயே பார்த்தார்கள். பெய்பிங் போய்ச் சேர்ந்தது அதற்கும் பிறகு. அங்கே ஐம்பது நாள்போலத் தங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

விஷயம் இவ்வளவுதான். அந்த இரவில் நடிகை பெய்பிங்கிலேயே இல்லை. தளபதி இருந்தது ஓபரா அரங்கில்.

1931 நவம்பர்: பாட்டு வெளியாகிறது

இருவரையும் இணைத்த பேச்சு முதலில் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு, அந்தக் காலத்து மறுப்புகளே ஒரு ஜப்பானியச் செய்தி நிறுவனத்தைக் காட்டுகின்றன. எதிரி நாட்டுத் தளபதி பெண் மோகத்தில் கிடந்தான் என்று பரவினால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் தெரிகிறது.

ஆனால் அதை நிலைக்க வைத்தது செய்தி இல்லை, கவிதை. நவம்பரில் ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் இரண்டு நாலடிப் பாட்டுகள் வெளியாயின. எழுதியவர் தெருவில் போகிறவர் இல்லை. ஜெர்மனியில் படித்துப் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத் தலைவர், நாடறிந்த கல்வியாளர். ஷென்யாங்குக்காக அழுவதாகத் தலைப்பு. தளபதியோடு மூன்று பெண்களின் பெயர்களை அடுக்கி, ஷென்யாங் விழுந்த பிறகும் இவர் நடனத்தில் இருந்தார் என்று முடியும். அந்த மூன்றில் ஒரு பெயர் ஹூ தியே.

அதைக் கவிதையாக மட்டும் பார்த்தால் நல்ல வேலைப்பாடுதான். ஆசைநாயகி ஒருத்தியின் மோகத்தில் நாட்டை இழந்த பழைய அரசனைப் பற்றித் தாங் வம்சக் காலத்தில் எழுதப்பட்ட பாட்டு ஒன்றின் அச்சில் வார்த்தது. படித்த சீனர்கள் பலருக்கும் அந்த மூலம் தெரியும். அரசு கவிழ்ந்தால் பக்கத்தில் ஒரு அழகியைத் தேடுவது அங்கே மிகப் பழைய பழக்கம். ஷாங் வம்சத்துக்கு ஒருத்தி, மேற்குச் சோவுக்கு ஒருத்தி என்று கணக்கே உண்டு. புதிய பாட்டு அந்தப் பழைய தடத்தில் வண்டியை ஏற்றிவிட்டது. அப்புறம் தள்ள ஆள் தேவைப்படவில்லை.

மக்களுக்கும் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று மாகாணங்கள் போரே இல்லாமல் கைமாறுகின்றன, யாரைக் கேட்பது? அரசாங்கத்தைக் கேட்டால் ஆபத்து. தளபதியைக் கேட்கலாம், ஆனால் உத்தரவு, உத்தி, தொலைவு என்று சிக்கலான பதில் வரும். ஒரு நடிகையின் பெயர் கிடைத்துவிட்டால் கோபத்துக்கு முகம் கிடைத்துவிடுகிறது. அந்த முகம் ஏற்கனவே ஊர் முழுக்கச் சுவரொட்டியில் இருக்கிறது. பாட்டில் வந்த மற்ற இரண்டு பெண்களைச் சாதாரண வாசகருக்குத் தெரியாது. மூவரில் வண்ணத்துப்பூச்சிதான் ஒட்டிக்கொண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பாட்டு வெளியான சில நாட்களுக்குள், நவம்பரிலேயே, ஹூ தியே ஷென் பாவ் நாளிதழில் தன் பெயரில் மறுப்பு வெளியிட்டார். சீனாவின் அன்றைய முதன்மை நாளிதழ் அது. தான் பெய்பிங் போனது படவேலைக்காக, போய்ச் சேர்ந்தபோது ஷென்யாங் ஏற்கனவே விழுந்திருந்தது, தளபதியைச் சந்தித்ததே கிடையாது என்று நேராகச் சொன்னார். தானும் இந்த நாட்டின் குடிமகள்தானே, நாடு துன்பத்தில் இருக்கும்போது அதைக் காக்கும் பொறுப்பில் இருப்பவரோடு நடனமாடுவேனா என்று கேட்டார். இந்தக் கட்டுக்கதையின் பின்னால் ஜப்பானியர் நோக்கம் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள் என்றும் எழுதினார்.

கூடவே படக்குழுவின் இயக்குநரும் சக நடிகர்களும் சாட்சி அறிக்கை வெளியிட்டார்கள். நாங்கள் கூடவே இருந்தோம், அவர் சொல்வது உண்மை என்பது அதன் சாரம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சக நடிகை பழிக்கு ஆளாகும்போது அமைதியாக ஒதுங்குவதுதான் எந்தத் தொழிலிலும் பாதுகாப்பு. மிங்ஷிங்காரர்கள் ஒதுங்கவில்லை.

மறுப்பின் உள்ளடக்கத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. தாமதிக்கவில்லை. ஒழுக்கத்தைப் பற்றி நீட்டி முழக்காமல் தேதியை வைத்துப் பேசினார். சாட்சிகளும் இருந்தார்கள். பழியைத் திரும்ப வேறொரு பெண்மேல் தள்ளிவிடவும் இல்லை. பட்டியலில் இருந்த மற்ற இருவரையும் அவர் இழுக்காதது சின்ன விஷயம் இல்லை.

அவர் வழக்குப் போடவில்லை. முந்தைய வழக்கின் சூடு இன்னும் ஆறாத நேரம் அது. ஒவ்வொரு விசாரணையும் அதே வதந்தியை மறுபடி அச்சிட வைக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். எதிரே நிற்பவரோ மதிப்புமிக்க கல்வியாளர்; பாட்டில் இருப்பதோ தேசத்தின் துக்கம். நீதிமன்றத்தில் வென்றாலும் தெருவில் தோற்றிருப்பார். ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புவது என்ற முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

தளபதி பக்கத்திலிருந்து அவரைக் காக்கும் குரல் எழவில்லை. அதிகாரத்தில் இருந்தவரின் ஒரு வரி, நடிகையின் பத்து அறிக்கைகளுக்குச் சமமாக இருந்திருக்கும்.

உடனடி விளைவு

தொழில் கெடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வதந்தியால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

1933இல் ஷாங்காயில் புதிதாகத் தொடங்கிய சினிமாத் தாள் ஒன்று, திரை அரசி யார் என்று வாசகர் வாக்கெடுப்பு நடத்தியது. ஹூ தியேக்கு 21,334 வாக்குகள். இரண்டாவது வந்தவருக்கு 10,028. மூன்றாமிடம் இன்னொரு நட்சத்திர நடிகையான ருவான் லிங்யூ, 7,290. பட்டத்துக்கு விழா எடுக்க வந்தபோது ஹூ தியே தயங்கினார். கடைசியில் அது விமானப் படைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக நடந்தது. இரண்டு வருடம் முன்னால் நாட்டைக் கைவிட்டு ஆடியவள் என்று பழி சுமந்த பெண், தன் பட்டத்தை நாட்டுக்கான நிதியாக மாற்றிக்கொண்டார். யோசித்துச் செய்தாரோ தானாக அமைந்ததோ, எந்த மறுப்பறிக்கையையும் விட அது நன்றாகப் பேசியது.

1934 பிப்ரவரியில் இரட்டைச் சகோதரிகளாக அவர் இரண்டு வேடமும் ஏற்ற பேசும்படம் வந்தது. ஒருத்தி ராணுவத் தலைவனின் ஆசைநாயகி, இன்னொருத்தி அந்த வீட்டுக்கே வேலைக்கு வரும் ஏழை. ஷாங்காயில் ஒரே அரங்கில் அறுபது நாளுக்குமேல் ஓடி, கடனில் தத்தளித்த மிங்ஷிங்கைத் தூக்கி நிறுத்தியது. நடை, பேச்சு, உட்காரும் விதம் என்று இருவரையும் வேறுபடுத்திக் காட்டியதைத்தான் அவருடைய உச்சமாகச் சொல்வேன்.

1935 பிப்ரவரியில் மாஸ்கோ திரைப்பட விழாவுக்குப் போன சீனக் குழுவில் ஒரே நடிகை அவர். அதே கப்பலில் மெய் லான்ஃபாங்கும் சோவியத் நாட்டில் நடிக்கப் போனார். நான்கு வருடம் முன்னால் அந்த இரவில் தளபதி உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது மெய் லான்ஃபாங்கின் ஓபராவைத்தான். இந்த இருவரும் வாரக்கணக்கில் ஒரே கப்பலில், ஒரே ரயிலில் போனார்கள்.

அந்தப் பயணத்தின்போது, மார்ச் 8ஆம் தேதி, ஷாங்காயில் ருவான் லிங்யூ தற்கொலை செய்துகொண்டார். வயது இருபத்து நான்கு. முன்னாள் துணைவர் தொடுத்த வழக்கு, பத்திரிகைகளின் வசை, இரண்டும் அவரை நெருக்கின. 1928இல் இருவரும் ஒரே படத்தில் நடித்தவர்கள். ஹூ தியேக்கு வெளிநாட்டில் வைத்துச் செய்தி எட்டியது.

இந்த இடத்தில் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லத் தோன்றும்: ஒருத்தி உறுதியானவள், ஒருத்தி பலவீனமானவள் என்று. அது தவறு. ஹூ தியேயின் பின்னால் ஒரு கம்பெனி நின்றது, சக நடிகர்கள் கையெழுத்துப் போட்டார்கள், குடும்பம் இருந்தது. அவரிடமிருந்து பணம் பறிக்க யாரும் வீட்டு வாசலில் நிற்கவில்லை. ருவான் லிங்யூவுக்கு இவற்றில் எது இருந்தது?

ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய அதே ஆண்டு நவம்பரில் ஹூ தியே திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை சினிமாக்காரர் இல்லை, வணிக நிறுவன ஊழியர். அதன்பின் படங்களைக் குறைத்துக்கொண்டார்.

போர்க்காலம்: இரண்டாவது வதந்தி

1937இல் ஷாங்காய் ஜப்பானியர் வசம் போனதும் தம்பதியர் ஹாங்காங் போனார்கள். 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங்கும் விழுந்தது. ஜப்பானிய அதிகாரிகள் மரியாதையோடுதான் வந்தார்கள்: டோக்கியோவை ஹூ தியே சுற்றிப் பார்ப்பதுபோல ஒரு படம் எடுக்கலாமே என்றார்கள். ஒத்துக்கொண்டிருந்தால் 1931இன் வதந்தி உண்மைபோலவே ஆகியிருக்கும். கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லி நாளைக் கடத்தினார். 1942 ஆகஸ்டில் குடும்பத்தோடு எளிய உடையில் கால்நடையாக ஹாங்காங்கை விட்டுத் தப்பினார். முப்பது பெட்டிகளில் அனுப்பிய வாழ்நாள் சேமிப்பு வழியில் கொள்ளை போனது. கடைசியில் போர்க்காலத் தலைநகரான சோங்சிங் போய்ச் சேர்ந்தார்.

அங்கே தொடங்கியது இரண்டாவது கதை. அரசின் உளவுத்துறைத் தலைவர் தாய் லியின் பிடியில் அவர் இருந்தார் என்பது அது. தாய் லி 1946 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து இந்தக் கதை கிளைத்துப் பரவியது. இன்று நாவல்களும் தொடர்களும் அதை விதவிதமாக ஜோடித்துவிட்டன.

இந்த முறை ஹூ தியே எடுத்த முடிவு முற்றிலும் வேறு. மறுப்பறிக்கை இல்லை. எண்பதை நெருங்கும்போது சொல்லி எழுதவைத்த நினைவுகளில், அந்தக் காலத்தைப் பற்றிப் பல பேச்சு உலவுவது தனக்குத் தெரியும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். சொந்த வாழ்க்கைச் சில்லறை விஷயங்களில் தவறான பேச்சு இருந்தாலும் அதிகம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, நாட்டின் மானம் பற்றிய விஷயத்தில் மட்டும் தடுமாற்றம் இருக்கக் கூடாது என்பது அவர் நிலை.

இதிலிருந்து அவர் எங்கே கோடு போட்டார் என்பது தெரிகிறது. 1931இன் வதந்தி நாட்டுக்குத் துரோகம் செய்தாள் என்றது. அதற்கு அவர் மூச்சு விடாமல் பதில் சொன்னார். இரண்டாவது அவருடைய உடலையும் குடும்பத்தையும் பற்றியது. அதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் தனக்கு இல்லை என்று முடிவு செய்தார். மௌனத்தைச் சம்மதம் என்று படிப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: சொல்லப்படும் கதை உண்மையாகவே இருந்தாலும், சர்வ வல்லமை படைத்த உளவுத் தலைவன் முன்னால் அவர் குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர். கிசுகிசுவாக அதைச் சுவைப்பதற்கு அங்கே எதுவும் கிடையாது.

மீண்டும் வந்ததும் ஓய்வும்

போருக்குப் பிறகு மறுபடி ஹாங்காங். கணவர் வண்ணத்துப்பூச்சி முத்திரையில் வெந்நீர் ஃபிளாஸ்க் தயாரித்து விற்றார். திரைக்கு அரசியாக இருந்தவர் கடைக்காரர்களைச் சந்தித்து ஃபிளாஸ்க் விற்க உதவினார். இடையில் சில படங்கள். 1958இல் கணவர் நோயில் இறந்தார்.

அடுத்த ஆண்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் படநிறுவனத்தில் நடிக்க வந்தார். இளமையைப் பிடித்துவைக்க முயலவில்லை. தாய், மாமியார், நடுவயது மனைவி என்று வந்ததை ஏற்றார். 1960இல் குழந்தையில்லாத பெண்ணாக நடித்த படத்துக்கு ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் விருதும், அவருக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. விழா நடந்த ஊர் டோக்கியோ. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எந்த ஊரில் படமெடுக்க மறுத்துத் தப்பி ஓடினாரோ, அதே ஊரில் தன் நடிப்புக்காக மேடை ஏறினார்.

1960களில் தைவான் போனபோது, அங்கே வீட்டுக்காவலில் இருந்த ஜாங் ஷுவேலியாங்கைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். முன்பு அறிமுகம் இல்லை, இனிமேலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு சந்திப்பு நடந்திருந்தால் மறுநாள் தலைப்பு என்னவாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

1966 வாக்கில் நடிப்பதை நிறுத்தினார். 1975இல் மகனோடு வான்கூவருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஹூ தியே என்ற பெயரைப் பயன்படுத்தவில்லை. கணவரின் குடும்பப் பெயரோடு தன் சிறுவயதுப் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டு சாதாரண மூதாட்டியாக வாழ்ந்தார். 1989 ஏப்ரலில் இறந்தபோது வயது எண்பத்து ஒன்று.

தளபதி அவருக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலான காவலிலிருந்து விடுபட்ட பிறகு, 1990களில் கொடுத்த பேட்டிகளில், எதிர்த்துச் சுட வேண்டாம் என்ற முடிவு தன்னுடையதே என்று சொன்னார். ஹூ தியே அதைக் கேட்க உயிரோடு இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நடிகையின் நடவடிக்கையில் மாற்றச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களிடம்தான் இருக்கிறது.

பாட்டை வெளியிட்ட நாளிதழ், மறுப்பையும் தன் பக்கத்திலேயே, அதே அளவில் வெளியிட்டிருக்க வேண்டும். பாட்டு ஒரு தாளில், மறுப்பு வேறொரு தாளில் என்றால் இரண்டையும் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மேலும் மறுப்பு உரைநடை, பழி செய்யுள். எட்டு வரியை ஒரு பள்ளிப் பையன் மனப்பாடமாகச் சொல்வான். அறிக்கையை யார் சொல்வார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள் நம் பக்கத்தில். பேரும் புகழும் பெற்ற ஒருவரே அந்த வாய்க்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எழுதும் முன் ஒரு தேதியைச் சரிபார்க்க அவருக்கு ஒரு நாள் போதும். படக்கம்பெனி ஷாங்காயிலேயே இருந்தது.

மிங்ஷிங் நிறுவனமும் இன்னொன்று செய்திருக்கலாம். நற்சான்று அறிக்கையோடு நிற்காமல், கிளம்பிய தேதி, தியான்ஜினில் இறங்கிய தேதி, பெய்பிங்கில் தங்கிய இடம், ஒவ்வொரு நாளும் எடுத்த காட்சி என்று பயணக் குறிப்பை அப்படியே அச்சில் ஏற்றியிருந்தால், பின்னால் எழுதுகிறவர்களுக்குக் கையில் ஆதாரம் இருந்திருக்கும். படப்பிடிப்புக் குழுவிடம் அந்தக் கணக்கு எப்போதும் இருக்கும். இன்று ஒரு நடிகர் இப்படிச் சிக்கினால் நான் முதலில் கேட்கச் சொல்வது அந்தக் கால்ஷீட்டைத்தான்.

நான் மாற்றிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஹூ தியேயைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது நடனக் கதையில் தொடங்கி, கடைசியில் அது பொய் என்று முடிப்பேன். கேட்டவர்களை ஒரு மாதம் கழித்து விசாரித்தால் நடனம் நினைவிருக்கும், முடிவு நினைவிருக்காது. பொய்யைச் சுவையாகச் சொல்லிவிட்டு உண்மையை ஓரமாக வைத்தால் அப்படித்தான் ஆகும். இப்போது ரயில் பாதையோரம் மாண்டரின் பேசக் கற்ற சிறுமியிலிருந்து தொடங்குகிறேன். இசைத்தட்டோடு ஓடிய முதல் பேசும்படம், இரட்டைச் சகோதரிகள், டோக்கியோ விருது என்று போகிறேன். நடனக் கதையை யாராவது கேட்டால் மட்டும், செப்டம்பர் 18ஆம் தேதி இரவு அவர் எங்கே இருந்தார், தளபதி எங்கே இருந்தார் என்ற இரண்டு வரியைச் சொல்லிவிட்டு, மறுபடி படங்களுக்குத் திரும்பிவிடுகிறேன்.